வீட்டுக் கம்பியூட்டரில் டேட்டாவுக்கு ஒரு தராசு



இம்முறை பாடம் போசாக்கு பற்றியதோ தடுப்பூசி பற்றியதோ அல்ல. வீட்டில் இணையம் பாவிக்கிறவர்கள் டேட்டாவை எப்படி அளந்து, எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது பற்றியது. "ஐயா, ரீலோட் போட்டு பத்து நாள்கூட ஆகல்ல, டேட்டா முடிஞ்சிருச்சு. புள்ளைக்கு ராத்திரி கிளாஸ் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு காரியாலயத்துக்கு வரும் தாய்மார் இப்போது குறைவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில் சிக்னல் தேடி மலைக்கும் மரத்துக்கும் ஏறிய பிள்ளைகளை நாம் கண்டோம். பாடசாலை திறந்த பிறகும் டியூஷனும் மாதிரி வினாத்தாளும் இணையத்திலேயே தங்கிவிட்டன. 2022 செப்டம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதம் கூட்டப்பட்டன. ஆகவே டேட்டா என்பது அரிசி, மண்ணெண்ணெய் போல வீட்டுக் கணக்கில் ஏறிய ஒரு சாமான். கணக்கில் ஏறிய சாமானை அளக்காமல் விடக்கூடாது.

இந்தப் பாடம் லினக்ஸ் போட்ட கம்பியூட்டர் வைத்திருப்பவர்களுக்கு. லினக்ஸ் என்பது விண்டோஸ் போல கம்பியூட்டரை இயக்கும் மென்பொருள். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் கம்பனி நிறுத்திக்கொண்டது. பழைய கம்பியூட்டர்கள் பலவற்றில் புதிய விண்டோஸ் ஏறாது. அதனால் உறவினர் கொடுத்ததும் இரண்டாம் கையாக வாங்கியதுமான மெஷின்களில் உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகளைப் போட்டுக் கொடுக்கிறார்கள். "விண்டோஸ் இல்லாத கம்பியூட்டரா?" என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். டேட்டாவை அளக்கும் விஷயத்தில் லினக்ஸ் ஒரு படி மேல் என்பதே என் கருத்து.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து வீடு என்றால் யாருடைய வீடு என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆகவே என் அக்கா வீட்டையே சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி கடந்து போனால் வேலணைத் தீவில் முதலில் வருவது அல்லைப்பிட்டி. 2006 ஆகஸ்ட் சண்டையில் ஊர்ச்சனம் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்து குடியேறிய இடம். எங்கள் குடும்பத்தில் பாதி பாரிசில். ஆகவே வீடியோ கோல் வராத நாள் இல்லை. வீட்டில் ஒரு சிம் போடும் ரவுட்டர், மூன்று போன், ஒரு பழைய கம்பியூட்டர். அதில் உபுண்டு. மருமகள் உயர்தரம் படிக்கிறாள். கிழமையில் ஐந்து நாள் இரவு 7 மணி முதல் 9 மணி வரை சூம் வகுப்பு.

மாதம் முடிய முன்பே டேட்டா முடிந்துவிடும். மூன்று மாதம் இப்படியே போயிற்று. அத்தான் கோபத்தில் கம்பியூட்டரை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "இரவிரவா அதுக்கு முன்னாலதானே இருக்கிறாள். வேற ஆர் முடிக்கிறது?" என்பது அவருடைய நியாயம். பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு பிள்ளையின் வகுப்பு நின்றது. எவ்வளவு போனது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. மனதுக்குத் தோன்றியதைத் தீர்ப்பாகச் சொல்லியாயிற்று. நமது லயங்களிலும் இதே கதை நடக்கிறது. பெரும்பாலும் பழி விழுவது பெண்பிள்ளை மேலேதான்.

கருவிகளுக்குப் போகுமுன் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். லயத்துப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் எவ்வளவு அகலம், ஒரு நிமிடத்தில் எத்தனை குடம் நிரம்பும் என்பது ஒன்று. அது வேகம். மேலே தொட்டியில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது இன்னொன்று. அது அளவு. விளம்பரத்தில் கம்பனிக்காரர் பெரிதாகப் போடுவது வேகம். நாம் காசு கொடுத்து வாங்கும் பொதியில் தீர்ந்து போவது அளவு. வேகத்தைப் பிட் என்றும் அளவைப் பைட் என்றும் எண்ணுகிறார்கள். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

இந்தக் கணக்கை ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணித்தியாலம் விடாமல் ஓடினால், 3600 விநாடிக்கு 3600 மெகாபிட். எட்டால் பிரித்தால் 450 எம்பி. அதுவே விநாடிக்கு 4 மெகாபிட் என்றால் 1800 எம்பி, அதாவது 1.8 ஜிபி. தெளிவான பெரிய படம் பார்ப்பதற்கும் சிறிய படம் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் மாதக் கடைசியில் இதுதான் வீட்டில் சண்டையாகிறது.

இனித் தராசு. கொழுந்து நிறுக்கும்போது நமது கிலோவை நாமே குறித்து வைக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம். டேட்டாவிலும் கம்பனி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நம்மிடமும் ஒன்று இருக்க வேண்டும். லினக்ஸின் உள்ளே, வந்த பைட் எத்தனை, போன பைட் எத்தனை என்ற எண்ணிக்கை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கம்பியூட்டரை அணைத்தால் அது அழிந்துவிடும். அந்த எண்ணிக்கையை நாளுக்கு நாள் எழுதி வைக்கும் கணக்கப்பிள்ளையின் பெயர் விஎன்ஸ்டாட்.

நமது பத்திரிகையில் ஆங்கில எழுத்து அச்சிடுவதில்லை என்பதால் கட்டளைகளை எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். ரி என்று போட்டிருப்பது தேயிலைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'டீ'யின் முதல் எழுத்து. டி என்று போட்டிருப்பது 'டொக்டர்' என்பதன் முதல் எழுத்து. எல்லாம் சின்ன எழுத்து. பிள்ளையிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்தால் அது தட்டிவிடும்.

கம்பியூட்டரில் டேர்மினல் என்ற கறுப்புப் பெட்டியைத் திறக்கவும். எஸ்-யூ-டி-ஓ, இடைவெளி, ஏ-பி-ரி, இடைவெளி, இன்ஸ்டால் என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி, வீ-என்-எஸ்-ரி-ஏ-ரி என்று தட்டி என்டர் அழுத்தவும். கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பயப்பட வேண்டாம், தட்டிக்கொண்டே போகவும். ஏற்றி முடிந்த நேரத்திலிருந்து கணக்கு எழுதப்படும். அதற்கு முந்திய நாட்களின் கணக்கு கிடைக்காது.

ஒரு நாள் பொறுத்துவிட்டு, வீ-என்-எஸ்-ரி-ஏ-ரி, இடைவெளி, சிறு கோடு, டி என்று தட்டினால் நாள்வாரியாகக் கணக்கு வரும். டிக்குப் பதில் எச் போட்டால் மணிவாரியாக, எம் போட்டால் மாதவாரியாக வரும். உங்கள் பொதி மாதம் 12ஆம் திகதி தொடங்குகிறது என்றால் மாதக் கணக்கும் 12இலிருந்து தொடங்கும்படி அதன் அமைப்புக் கோப்பில் மாற்றலாம். அது கொஞ்சம் கைபழகியவர் வேலை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கப்பிள்ளை தன் கம்பியூட்டரின் வாசலில் மட்டுமே நிற்கிறது. ரவுட்டரிலிருந்து போன்கள் எடுப்பது அதற்குத் தெரியாது. ஆகவே கம்பனி காட்டும் கணக்கிலிருந்து இந்தக் கணக்கைக் கழித்தால் போன்களின் பங்கு ஏறக்குறைய வரும். மறுபக்கம், போனிலிருந்து கம்பியூட்டருக்கு வைஃபை மூலம் போட்டோ மாற்றினால், இணையத்துக்கே போகாத அந்த டேட்டாவையும் இது எண்ணிவிடும். அப்படிப்பட்ட நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அல்லைப்பிட்டி வீட்டில் பூட்டைத் திறக்கச் செய்து, ஏழு நாள் யாரும் எதையும் மாற்றக்கூடாது, வழமைபோல் பாவியுங்கள் என்று சொல்லி இதைப் போட்டோம். ஏழாம் நாள் கம்பனிக் கணக்கில் போனது 19 ஜிபி. கம்பியூட்டரின் கணக்கு 14. அப்படியென்றால் போன்கள் எடுத்தது 5. பாரிஸ் கோல் எல்லாம் அதற்குள். பிறகு மணிவாரிக் கணக்கைப் பார்த்தோம். வகுப்பு நடந்த இரவு 7 முதல் 9 வரை மணிக்குச் சுமார் 300 எம்பி. ஐந்து இரவுக்கும் சேர்த்து 3 ஜிபி. பகல் 10 மணிக்கும் 1 மணிக்கும் இடையில், மருமகள் பாடசாலையில் இருக்கும் நேரத்தில், 9 ஜிபி. அத்தான் செய்தி வீடியோவைப் போட்டுவிட்டு வளவில் வேலை பார்க்கப் போய்விடுவார். ஒன்று முடிய அடுத்தது தானாகவே ஓடும், அதுவும் மிகத் தெளிவான படமாக. மீதி 2 ஜிபி பல நேரங்களில் சிதறிக் கிடந்தது. அந்த நேரங்களில் கம்பியூட்டருக்கு முன்னால் யாரும் இல்லை.

கணக்கைப் பார்த்த அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அலுமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அக்காதான் சிரித்தாள்.

அந்தச் சிதறிய 2 ஜிபி யாருடையது என்று தெரிய இன்னொரு கருவி வேண்டியிருந்தது. அதன் பெயர் நெட்ஹாக்ஸ். ஹாக் என்றால் ஆங்கிலத்தில் பன்றி. இராத்திரி வந்து மரவள்ளிக் கிழங்கைக் கிண்டிவிட்டுப் போவது எந்தப் பன்றி என்று காவலிருந்து பார்ப்பது போல, இந்த நிமிடத்தில் எந்த மென்பொருள் டேட்டா எடுக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும். முன்பு சொன்ன கட்டளையில் கடைசிச் சொல்லுக்குப் பதில் என்-ஈ-ரி-எச்-ஓ-ஜி-எஸ் என்று போட்டு ஏற்றவும். ஓட்டுவதற்கு எஸ்-யூ-டி-ஓ, இடைவெளி, நெட்ஹாக்ஸ். நிறுத்துவதற்குக் கியூ. அல்லைப்பிட்டியில் அகப்பட்டது ஸ்னாப் என்பது. உபுண்டுவில் மென்பொருள்களைப் புதுப்பிக்கும் வேலைக்காரன் அது. ஒரு நாளைக்கு நான்கு தடவை புதிது இருக்கிறதா என்று போய்ப் பார்த்து, இருந்தால் நம்மைக் கேளாமலே இறக்கிவிடும்.

இவ்விடத்தில் பெற்றோருக்கு ஒரு சொல். நெட்ஹாக்ஸ் எந்த மென்பொருள் என்று மட்டுமே சொல்லும். பிள்ளை என்ன பார்த்தது, யாரோடு பேசியது என்று சொல்லாது. அது நல்லது என்றே நான் நினைக்கிறேன். இது டேட்டாவுக்குத் தராசு. பெண்பிள்ளையின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் சாமான் அல்ல. அப்படிப் பாவிக்க நினைப்பவர்கள் முதலில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும்.

அளந்தாயிற்று. இனிக் கட்டுப்படுத்துவது. முதல் வேலைக்கு ஒரு மென்பொருளும் ஏற்றத் தேவையில்லை. உபுண்டுவில் செட்டிங்ஸ் போய், வைஃபை என்ற பகுதியில், நீங்கள் தொடுத்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கர அடையாளத்தை அழுத்துங்கள். மீட்டர்ட் கனெக்ஷன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அளந்து காசு எடுக்கும் தொடர்பு என்று அர்த்தம். அதற்கு நேரே உள்ள பெட்டியில் சரி போட்டால், தானாக இறக்கும் புதுப்பிப்பு வேலைகள் பெரும்பாலும் நின்றுவிடும். அண்ட்ரோய்ட் போனின் ஹொட்ஸ்பொட்டிலிருந்து எடுத்தால் லினக்ஸ் பொதுவாகத் தானே இதைப் புரிந்துகொள்ளும். ரவுட்டரிலிருந்து எடுத்தால் அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஸ்னாப்புக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சுடோ, ஸ்னாப், செட், சிஸ்டம் என்ற நான்கு சொற்களை இடைவெளி விட்டுத் தட்டி, பிறகு ரிப்ரெஷ், புள்ளி, மீட்டர்ட், சமன் குறி, ஹோல்ட் என்பவற்றை இடைவெளியே இல்லாமல் சேர்த்துத் தட்டவும்.

புதுப்பிப்பை ஒரேயடியாக நிறுத்தி வைப்பது கூடாத காரியம். பாதுகாப்புத் திருத்தங்கள் அதோடுதான் வருகின்றன. பொதியில் டேட்டா மிஞ்சியிருக்கும் கடைசி நாட்களிலோ, இரவு டேட்டா தனியாக உள்ள பொதி என்றால் அந்த நேரத்திலோ, மாதத்தில் ஒரு தடவை நம் கையாலேயே புதுப்பித்துவிட வேண்டும்.

இரண்டாவது, வேகத்தை மட்டுப்படுத்துவது. இதற்கு வொண்டர்ஷேப்பர் என்ற கருவி இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்ட் ஹூபர்ட் என்பவர் முதலில் எழுதியது. வொண்டர், ஷேப்பர் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து எழுதி, முன்போலவே ஏற்றவும். பிறகு சுடோ, வொண்டர்ஷேப்பர், சிறு கோடு ஏ, வைஃபை வாசலின் பெயர், சிறு கோடு டி, 1000, சிறு கோடு யூ, 500. வைஃபை வாசலின் பெயர் பெரும்பாலும் டபிள்யூ எல் என்று தொடங்கும். விஎன்ஸ்டாட் கணக்கிலேயே மேலே எழுதியிருக்கும், அப்படியே பார்த்து எழுதுங்கள். 1000 என்பது விநாடிக்கு ஆயிரம் கிலோபிட், அதாவது நாம் கணக்குப் போட்ட 1 மெகாபிட். இதற்குப் பிறகு அந்தக் கம்பியூட்டர் என்னதான் இழுத்தாலும் மணிக்கு ஏறக்குறைய 450 எம்பிக்கு மேல் இறங்காது.

வெளியிலிருந்து வருவதை நாம் எப்படி மறிக்கலாம் என்று கேட்பீர்கள். மலையில் கொழுந்து இறக்குமிடத்தில் ஆள் மெதுவாக இறக்கினால், அடுத்த சாக்கும் தாமதித்தே வரும் அல்லவா. அதுபோல நமது மெஷின் மெதுவாக ஏற்றுக்கொண்டால் அனுப்பும் பக்கமும் மெதுவாகிவிடும்.

பலர் பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம் இது. வேகத்தைக் குறைத்தால் அளவும் குறையும் என்பது பாதி உண்மை. யூடியூப் போன்ற வீடியோவில் குறையும். ஏனென்றால் வழி ஒடுக்கம் என்று கண்டதும் அவர்கள் தாங்களாகவே சிறிய படத்தை அனுப்புகிறார்கள். சூம் வகுப்பும் அப்படித்தான் சமாளித்துக்கொள்ளும். கெமராவை அணைத்து வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் 300 எம்பி புத்தகம் ஒன்றை இறக்கினால், வேகத்தைக் குறைத்தாலும் 300 எம்பி போகத்தான் போகிறது. நேரம்தான் நீளும். பீலியை ஒடுக்கினாலும் ஒரு குடம் ஒரு குடம்தான். ஆகவே புத்தகம், வினாத்தாள் இறக்குவதில் மிச்சம் பிடிக்க ஒரே வழி, ஒரு தடவை இறக்கியதைப் பத்திரமாக வைத்து எல்லாருக்கும் பென் டிரைவில் கொடுப்பது. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. மலையகத்து எழுத்துக்களும் உண்டு. படம் பிடித்த பக்கங்கள் என்பதால் சில கோப்புகள் கனம். ஒரு லயத்தில் ஐந்து பிள்ளைகள் அதே புத்தகத்தை ஐந்து தடவை இறக்குவது வீண்.

இறக்கும்போது பாதியில் சிக்னல் அறுந்தால், முதலிலிருந்து தொடங்கி மறுபடியும் டேட்டாவைக் கொட்டாதீர்கள். டபிள்யூ-கெட் என்ற கட்டளை லினக்ஸில் உண்டு. டபிள்யூ-ஜி-ஈ-ரி, இடைவெளி, சிறு கோடு, சி, இடைவெளி, பிறகு கோப்பின் முகவரி. பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மழைக்காலத்தில் நமது பக்கத்துக்கு இது மிகவும் தேவையானது.

வொண்டர்ஷேப்பர் போட்ட கட்டு கம்பியூட்டரை அணைத்துப் போட்டதும் அவிழ்ந்துவிடும். மறுநாள் மறுபடியும் தட்ட வேண்டும். அணைக்காமலே அவிழ்க்க வேண்டுமென்றால் சுடோ, வொண்டர்ஷேப்பர், சிறு கோடு சி, சிறு கோடு ஏ, வைஃபை வாசலின் பெயர். சிலர் இதைக் குறை என்பார்கள். ஆனால் வீட்டில் யாரும் நிரந்தரமாக அகப்பட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது. அல்லைப்பிட்டியில் இப்போது காலையில் அத்தான் உட்காருமுன் அக்கா அந்த வரியைத் தட்டிவிடுகிறாள். அவருக்குச் செய்தி வாசிப்பவரின் முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதாம். "சத்தம் கேக்குதுதானே, காணும்" என்கிறாள் அக்கா. இரவு வகுப்புக்கு முன் கட்டை அவிழ்ப்பது மருமகளின் பொறுப்பு. பகலில் வீடியோ எடுத்த 9 ஜிபி, அடுத்த கிழமை 4 ஜிபிக்குள் வந்துவிட்டது. அந்த மாதம் பொதி கடைசி நாள் வரை நின்றது.

ஒரு தொடர்பை இரண்டு மூன்று வீட்டார் பங்கு போட்டு எடுக்கும் லயங்களில் இன்னும் கவனம் தேவை. ஒவ்வொரு கம்பியூட்டரிலும் விஎன்ஸ்டாட் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே கொப்பியில் திகதி, கம்பியூட்டர்க் கணக்கு, கம்பனிக் கணக்கு என்று எழுதுங்கள். போன்களின் கணக்கு அந்தந்தப் போனின் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஎன்ஸ்டாட் காட்டும் ஜிபி 1024ஆல் பெருக்கி எண்ணியது. கம்பனி 1000ஆல் எண்ணியிருந்தால் நூற்றுக்கு ஏழு வரை வித்தியாசம் வரும். அதை வைத்துக்கொண்டு யாரையும் கள்ளன் என்று சொல்ல வேண்டாம்.

முதலில் ஏழு நாள் அளந்து, அந்தக் கொப்பியோடு காரியாலயத்துக்கு வாருங்கள். கம்பியூட்டர் மடிக்கணினி என்றால் அதையும் கொண்டு வாருங்கள், இந்தக் கட்டளைகளைச் சேர்ந்தே தட்டிப் பார்க்கலாம். பழைய மெஷின்களின் பற்றரி அரை மணித்தியாலம்கூட நிற்பதில்லை. சார்ஜரை மறந்துவிட்டு வர வேண்டாம்.